மாராவில் 5 மீட்டரில் சிங்கம்: ரா ஃபைல் எங்கே?

காட்டுப்பாதை: நேற்று நம் குழுவில் டெலிலென்ஸ் ஒரு படம் போட்டிருந்தார். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் எடுத்த ஆண் சிங்கம், பிடரியும் முகமும் படம் முழுக்க. படத்தின் கீழே அவர் எழுதியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "70-200 லென்ஸ், 5 மீட்டர். இந்தத் தூரத்தில் எடுக்கத் துணிச்சல் இல்லாதவர்கள் வைல்ட்லைஃப் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்." மாரா விதிப்படி விலங்குக்கும் வண்டிக்கும் நடுவில் 25 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு சிங்கத்தைச் சுற்றி 5 வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கவே கூடாது. ஆக, ஒன்று அவர் விதியை மீறியிருக்கிறார், இல்லை 5 மீட்டர் என்பது பொய். எது என்று அவரே சொல்லட்டும்.

டெலிலென்ஸ்: பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? 5 மீட்டர்தான். 11 முறை கென்யா போய் வந்தவன் நான், தூரம் எனக்குக் கண்ணாலேயே தெரியும். நாங்கள் இன்ஜினை அணைத்துவிட்டு 40 நிமிஷம் அசையாமல் இருந்தோம். எழுந்து வந்தது சிங்கம்தான். உச்சிவெயிலில் அந்தப் புல்வெளியில் நிழல் ஏது? எங்கள் லேண்ட் க்ரூசரின் நிழல் மட்டும்தான்.

பீன்பேக்: அது நடக்கக் கூடியதுதான். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு பெண் சிங்கம் வந்து எங்கள் பின் டயரில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. மூச்சிரைப்பில் வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. மூக்கின் மேல் பழைய கீறல் ஒன்று, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. என் 400 லென்ஸில் ஃபோகஸே பிடிக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காட்டுப்பாதை: அண்ணே, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. என் கேள்வி 5 மீட்டரைப் பற்றி. நிழலுக்கு வந்த சிங்கம் படுத்துவிடும். இவர் படத்தில் அது நின்றுகொண்டு நேராகப் பார்க்கிறது.

மதுரைக்காரன்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். லென்ஸை 200 மில்லிமீட்டரில் வைத்தால் 5 மீட்டரில் 90 சென்டிமீட்டர் அகலம்தான் படத்தில் விழும். பிடரியோடு தலை மட்டும்தான் அதில் அடங்கும். 20 மீட்டர் என்றால் 3.6 மீட்டர் அகலம் விழும், முழுச் சிங்கமும் வந்துவிடும். டெலிலென்ஸ் சார் சொல்வதில் தப்பில்லை.

டெலிலென்ஸ்: நன்றி தம்பி. கணக்குத் தெரிந்தவர்கள் பேசினால் நன்றாக இருக்கும்.

காட்டுப்பாதை: கிராப் பண்ணினால் கணக்கு என்ன ஆகும்? 20 மீட்டரில் எடுத்து, நாலில் ஒரு பங்கு அகலத்துக்கு வெட்டினாலும் இதே தலைதான் கிடைக்கும். 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஒன்றரை. அதனால்தான் பிடரியில் முடி முடியாகப் பிரியாமல் களிம்பு மாதிரி அப்பிக் கிடக்கிறது. ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த வெட்டாத மூலக் கோப்பைக் காட்டுங்கள், பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

டெலிலென்ஸ்: ரா ஃபைலை யாருக்கும் கொடுப்பதில்லை. அப்புறம், நாங்கள் இருந்தது ரிசர்வ் எல்லைக்குள் இல்லை, பக்கத்துக் கன்சர்வன்சியில், அதாவது ரிசர்வை ஒட்டிய தனிக் காப்பகத்தில். அங்கே பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டு.

காட்டுப்பாதை: நேற்று "மசாய் மாரா" என்றீர்கள், இன்று கன்சர்வன்சி என்கிறீர்கள். 5 மீட்டர் மட்டும் மாறவே இல்லை.

கிர்_ரசிகை: இந்த 5 மீட்டருக்கா இவ்வளவு பெருமை? குஜராத்தில் கிர் காட்டுக்குள் மால்தாரிகள் எருமை மேய்த்துக்கொண்டு சிங்கத்தின் நடுவில்தான் வாழ்கிறார்கள், கையில் ஒரு கம்போடு. 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கம். நம் நாட்டுச் சிங்கத்தை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு லட்சக்கணக்கில் ஏன் செலவு செய்கிறீர்கள்?

டெலிலென்ஸ்: கிரில் ஜிப்சி வண்டியில் வரிசையில் நின்று எடுத்த படமும் இதுவும் ஒன்றா?

கிர்_ரசிகை: ஒன்றுதான். சிங்கம் சிங்கம்தான்.

காட்டுப்பாதை: நான் ஏன் இதை விடமாட்டேன் என்று சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் தாலெக் ஆற்றுப் பக்கம் இருந்தேன். ஒரு பெண் சிங்கம் வயிறு தரையில் உரச, காதை மடக்கி, புல்லுக்குள் ஒவ்வோர் அடியாக வைத்து ஒரு வரிக்குதிரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால் புதருக்குள் இரண்டு குட்டிகள். கிட்டப் போய் எடுக்க வேண்டும் என்று ஒருவர் டிரைவரை நச்சரித்து வண்டியைக் குறுக்கே விடச் சொன்னார். வரிக்குதிரை தலையைத் தூக்கியது, ஒரே ஓட்டம். சிங்கம் எழுந்து நின்று அந்த வண்டியையே பார்த்தது. அன்றைக்கு அந்தக் குட்டிகளுக்குச் சாப்பாடு இல்லை. அபராதம் வந்தால் கட்டுவது டிரைவர், படம் போட்டு லைக் வாங்குவது நாம். மாராவைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சுற்றுலா வண்டிகள் நிறைய வரும் பகுதியில் தாய்ச் சிறுத்தை ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கிய குட்டி சராசரி 0.2. வண்டி குறைந்த பகுதியில் 2.3. இதற்குப் பிறகும் 5 மீட்டர் பெருமையா?

டெலிலென்ஸ்: அது சிறுத்தை இல்லை, சிவிங்கி. சிறுத்தை என்றால் லெப்பர்ட். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எனக்குக் காட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

மதுரைக்காரன்: பேப்பரில் எல்லாம் சீட்டாவையும் சிறுத்தை என்றுதானே எழுதுகிறார்கள்?

பீன்பேக்: பேப்பரில் எழுதுவது தப்பு. சிவிங்கிப்புலி என்பது பழைய தமிழ்ப் பெயர். மத்தியப் பிரதேசத்தில் குனோ காட்டில் கொண்டுவந்து விட்டதும் அதைத்தான்.

கிர்_ரசிகை: குனோ பேச்சை எடுக்காதீர்கள். முதலில் அந்தக் காட்டைத் தயார் செய்தது கிர் சிங்கத்துக்காக. சிங்கத்தைத் தர மறுத்தது குஜராத் அரசு. 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் போகவில்லை.

மதுரைக்காரன்: நீங்கள் கிர் ரசிகை, நீங்களே குஜராத்தைக் குறை சொல்கிறீர்களே?

கிர்_ரசிகை: எனக்குச் சிங்கம்தான் முக்கியம், அரசு இல்லை.

காட்டுப்பாதை: சரி, சிவிங்கி. திருத்திக்கொண்டேன். 0.2 மாறிவிட்டதா? 5 மீட்டர் சரியாகிவிட்டதா?

டெலிலென்ஸ்: நீங்கள் சிவிங்கியைப் பேசுகிறீர்கள், நான் சிங்கத்தைப் பேசுகிறேன். உங்களுக்கு என் மேல் எதற்குக் கோபம் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் குழுப் போட்டியில் உங்கள் யானைப் படத்தை நான் தேர்வு செய்யவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

காட்டுப்பாதை: ஆமாம், அந்தக் கோபம் இருக்கிறது. "தூரத்திலிருந்து எடுத்த படத்தில் உயிர் இல்லை" என்று எழுதித் தள்ளினீர்கள். முதுமலையில் குட்டியோடு நின்ற யானை அது. கிட்டப் போயிருந்தால் தாய் துரத்தியிருக்கும், குட்டி மிரண்டிருக்கும். தெரிந்தேதான் 60 மீட்டரில் நின்றேன். இப்போதும் அங்கேதான் நிற்பேன். நீங்கள் இன்னும் ரா ஃபைல் போடவில்லை.

பீன்பேக்: இரண்டு பேருமே என் நண்பர்கள். கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்.

டெலிலென்ஸ்: நான் நிதானமாகத்தான் இருக்கிறேன். செப்டம்பரில் மறுபடி மாரா போகிறேன். இந்தத் தடவை டேப் எடுத்துப்போய் அளந்தே காட்டுகிறேன்.

காட்டுப்பாதை: டேப் வேண்டாம் சார். வண்டியை விட்டு இறங்காதீர்கள். பழைய படத்தின் ரா ஃபைல் போதும். சில கேமராக்களில் ஃபோகஸ் தூரமும் அதிலேயே பதிவாகியிருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் போடுங்கள்.