பழைய பார்னெட் கமாண்டோ குறுக்குவில்லுக்கு நாண் தேவை

இங்கிலாந்தில் இருக்கும் வில்வித்தை நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் ஒரு பார்னெட் கமாண்டோ குறுக்குவில் இருக்கிறது. வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்த நிறுவனத்தின் படைப்பு. இந்த மாடலின் தயாரிப்பு நின்றுபோய் நெடுங்காலமாகிவிட்டது. உடலையே நடுவில் மடக்கி நாணேற்றும் அந்த நெம்புகோல் அமைப்பின் அழகுக்காகவே இதைக் கைவிட மனம் வரவில்லை.

எய்வதற்கு அழுத்தும் விசையும் (டிரிகர்), வளையும் வில்தண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. நாண்தான் போய்விட்டது. கொக்கி பிடிக்கும் இடத்தில் சுற்றுநூல் பிரிந்து, உள்ளிழைகள் அறுந்து தொங்குகின்றன. இப்படியே நாணேற்றி, பாதியில் அறுந்தால், கணையில்லாமல் எய்ததுபோல முழு அதிர்ச்சியும் வில்தண்டில் இறங்கும். அதனால் தொடாமல் வைத்திருக்கிறேன்.

கப்பி இல்லாத வில் என்பதால் புதிதாக நாண் கட்டிவிடலாம். சரியான நீளமும் இழைகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். பழைய நாண் இழுபட்டு நீண்டிருக்கும், அதன் அளவை நம்ப முடியாது. சற்று நெகிழும் டேக்ரான் (ஒருவகை பாலியஸ்டர்) இழைதான் இந்த வயதுள்ள வில்லுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன்.

கையேடு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். நாண் கட்டத் தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். நெம்புகோல் கொக்கி உதிரியாகக் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்கிறேன். இலக்குப் பலகையில் எய்வதற்கு மட்டுமே கேட்கிறேன். இங்கே குறுக்குவில் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை.