பழைய படகின் உள்ளறைக்கு எந்த மரப்பலகை, எந்த வெனீர்?

பாய்மரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 1970களில் கட்டப்பட்ட, சுமார் 9 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகைப் புதுப்பித்து வருகிறேன். அதன் வெளிக்கூடு கண்ணாடியிழையால் ஆனது. உள்ளறை முழுவதும் மகோகனி வெனீர் (மெல்லிய மரத் தாள்) ஒட்டிய பிளைவுட். ஜன்னல்களுக்குக் கீழே வெனீர் கறுத்துப்போய், நகத்தால் நிமிண்டினாலே காய்ந்த சருகைப் போல் நொறுங்கி வருகிறது. முன்னறையைப் பிரிக்கும் தடுப்புச் சுவரின் மேற்பகுதி இன்னும் அழகாகவே இருக்கிறது. அடியில் மட்டும் ஒரு முழ உயரத்துக்குக் கறை ஏறியிருக்கிறது.

கெட்டுப்போன பகுதிக்கு மட்டும் புது வெனீர் ஒட்டினால் பழைய நிறத்தோடு சேருமா, அல்லது முழுவதையும் மாற்றுவதுதான் முறையா? மகோகனியைவிடத் தேக்கு வெனீர் நீடித்து உழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? வெனீரே வேண்டாம் என்று மெல்லிய மரப்பலகைகளை அடித்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இந்தப் படகைக் கட்டியவர்களின் வேலைப்பாட்டுக்கு மரியாதை செய்ய விரும்புகிறேன். ஆகவே அவசரப்பட்டு எதையும் பிய்க்க மனமில்லை.

இழைப்புளி:

மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். ஜன்னலுக்குக் கீழே கறை என்றால் பெரும்பாலும் ஜன்னல் சட்டத்தின் பழைய அடைப்புப் பசை காய்ந்து வெடித்திருக்கும். தடுப்புச் சுவரின் அடியில் கறை என்றால், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மேல்தளத்தில் பொருத்தப்பட்ட இடத்திலிருந்து மழைநீர் இறங்கி வந்து கீழ் விளிம்பில் தேங்கியிருக்கலாம். உப்புத் தண்ணீரைவிட மழைநீரே மரத்தை விரைவில் உளுத்துப்போகச் செய்யும் என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால்தான் உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு வாழ்வு. அதற்குக் கீழே வைத்திருந்தால் சாதாரண பிளைவுட்கூடப் பல ஆண்டுகள் தாங்கும்.

ஒருமுறை நான் அவசரப்பட்டுக் கசிவைச் சரிபார்க்காமல் புது வெனீர் ஒட்டினேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பழைய கறை, அதே இடத்தில், அதே நாக்கு வடிவத்தில் திரும்பி வந்தது. அந்த வெனீரை நானே சுரண்டி எடுத்த நாளை இன்றும் மறக்கவில்லை.

திருப்புளியின் கைப்பிடியால் சுவரை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை மங்கும் இடத்தில் குத்தூசியை மெல்ல அழுத்துங்கள். ஊசி எளிதாக இறங்கினால் பிளைவுட்டின் உள்ளடுக்கே போய்விட்டது என்று பொருள். அந்தச் சுவர் கூட்டோடு கண்ணாடியிழையால் பிணைக்கப்பட்டு, பாய்மரத்தின் விசையைத் தாங்குவது. அப்படியானால் அது வெனீர் வேலை அன்று, கட்டுமான வேலை.

தேக்கைப் பற்றி: தேக்கின் உறுதி உண்மைதான், ஆனால் அது வைரம் பாய்ந்த முழு மரத்துக்கு உரியது. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தோல் எந்த மரத்திலிருந்து வந்தாலும், அடியிலுள்ள பிளைவுட்டை அது காக்காது. உள்ளறையில் ஆயுளைத் தீர்மானிப்பவை பிளைவுட்டின் தரமும் பசையும் விளிம்புகளை அடைத்த விதமும்தான். மேலும் தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது.

மகோகனி என்ற பெயரில் பல மரங்கள் விற்கப்படுகின்றன. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அகன்ற இலை மகோகனி, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2003 முதல் இருக்கிறது. ஆகவே எல்லை தாண்டி வரும் சரக்குக்கு உரிய ஆவணங்களைக் கேளுங்கள். சப்பேலி என்ற ஆப்பிரிக்க மரம் தோற்றத்தில் அதற்கு மிக நெருக்கமானது. பல படகுகளில் மகோகனி என்று நம்பப்படுவது சப்பேலியாகவே இருக்கும்.

ரேகை:

மேலே சொன்னது அனைத்தும் சரி. நிறம் சேருமா என்ற கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் அங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

மரத்தின் பெயரைவிட, அதை எப்படிச் சீவினார்கள் என்பதுதான் கண்ணுக்கு முதலில் தெரியும். தண்டின் மையத்தை நோக்கிச் சீவிய வெனீரில் ரேகைகள் நேர்க்கோடுகளாக ஓடும். சப்பேலியாக இருந்தால் ஒளி படும் கோணத்துக்கேற்ப நாடா போன்ற பட்டைகள் மின்னி மறையும். பக்கவாட்டில் சீவியதில் மலைமுகடுகள் அடுக்கியதைப் போன்ற வளைவுகள் தோன்றும். தண்டைச் சுழற்றி உரித்ததில் ரேகை பரந்து அலைபாயும். நேர்க்கோட்டு ரேகையுள்ள பழைய சுவருக்குப் பக்கத்தில் முகடு விழுந்த புது வெனீரை ஒட்டினால், நிறம் துல்லியமாகச் சேர்ந்தாலும் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

நிறத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏதேனும் ஒரு அலமாரிக் கதவின் கீலைக் கழற்றுங்கள். கீல் மறைத்திருந்த இடத்தில் வெளிச்சம் படாத பழைய நிறம் ஒரு முத்திரை போலத் தங்கியிருக்கும். அதற்கும் சுற்றியுள்ள பரப்புக்கும் உள்ள வேறுபாடே, உங்கள் புது வெனீர் இனிமேல் கடக்கப்போகும் தூரம். மாதிரித் துண்டை உலர்ந்த நிலையில் ஒப்பிடாமல், ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, படகுக்குள்ளேயே, அந்தச் சுவரருகிலேயே பிடித்துப் பாருங்கள்.

முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு பலகையின் நடுவில் கிடைமட்டமாக வெட்டி ஒட்டவும் கூடாது. ரேகைக்குக் குறுக்கே போகும் நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டம் வரை, அல்லது ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, இயல்பான எல்லைக்குள் முழுமையாக மாற்றுங்கள். ஒரே தண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களாக வாங்கி, பின்புறம் சுண்ணக்கட்டியால் வரிசை எண் இட்டு வையுங்கள். வரிசை கலைந்தால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

வெறும் கறை மட்டும் இருந்து வெனீர் இறுகப் பிடித்திருக்கும் இடங்களில், ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவிப் பிறகு நன்றாகக் கழுவினால் கருமை பெரிதும் குறையும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக் கையாலேயே தேயுங்கள். இயந்திரத்தை வைத்தால் 0.6 மில்லிமீட்டர் வெனீர் ஒரு மூச்சில் கரைந்து அடிப்பலகை தெரியும்.

ஒட்டுவதற்குக் கான்டாக்ட் பசை எளிது. ஆனால் வெயிலில் அறை சூடாகும்போது இளகிக் கொப்புளம் எழும். இரு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் பிசினான எபாக்சியையே நான் நம்புகிறேன். படகுக்குள் செங்குத்துச் சுவரில் அழுத்தம் கொடுப்பது கடினம் என்பதால், 3 அல்லது 4 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டின் (தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய படகு பிளைவுட்) மீது பட்டறை மேசையிலேயே வெனீரை ஒட்டி, அந்தப் பலகையைக் கொண்டுபோய்ச் சுவரில் பதிப்பது நல்லது. கூடும் தடிமனுக்கு ஓரச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றனவா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

நங்கூரம்:

முழு மரப்பலகை பற்றி யாரும் சொல்லவில்லை. தடுப்புச் சுவருக்கு அது வேண்டாம். அகலமான மரம் ஈரத்துக்கேற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும், எடையும் கூடும். கூட்டின் பக்கச் சுவர்களுக்கோ அது மிகப் பொருத்தமானது. 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பட்டிகளை, இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, குறுக்குச் சட்டங்களின் மீது திருகுங்கள். அவை கூட்டின் வளைவுக்கு இணங்கி வளையும். பின்னால் காற்று ஓடுவதால், குளிர்ந்த கூட்டில் வியர்க்கும் நீரும் உலர்ந்துவிடும். இரும்புத் திருகாணி மட்டும் வேண்டாம். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறை விடும். துருப்பிடிக்காத எஃகோ வெண்கலமோ பயன்படுத்துங்கள். பட்டிகளைக் கழற்ற முடியும்படி வையுங்கள். என்றாவது ஒருநாள் பின்னாலுள்ள போல்ட்டை எட்டவேண்டி வரும்.

வெனீர் எங்கும் சேரவில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. பலகைகளுக்கு வெண்மை பூசி, ஓரச் சட்டங்களை மட்டும் வார்னிஷ் மரமாக விடுவதைப் படகுக்காரர்கள், அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரால், ஹெரெஷாஃப் பாணி என்பார்கள். சிறிய அறையில் அது தரும் வெளிச்சத்துக்கு ஈடில்லை. இதை நான் சமரசமாகக் கருதுவதில்லை.

பாய்மரம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இடப்பக்க ஜன்னல் சட்டத்தைக் கழற்றினேன். கீழ்வரிசைத் திருகாணித் துளைகள் நான்கிலும் பிளைவுட் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது. தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்ததில், கறை ஏறிய பகுதியின் உட்புறம் உறுதியாகவே இருக்கிறது, குத்தூசி இறங்கவில்லை. கீலுக்கு அடியில் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்துவந்த பழுப்பு அன்று, இளஞ்சிவப்பு கலந்த செம்மை தெரிந்தது. நேர் ரேகையும் நாடா மினுக்கும் இருப்பதால் இது சப்பேலியாகவே இருக்க வேண்டும். சுவரைக் கறை நீக்கி அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஜன்னலுக்குக் கீழுள்ள பலகைகளை மட்டும் முழுமையாக மாற்றப்போகிறேன். பிளைவுட் வாங்கும்போது பி.எஸ். 1088 என்ற குறி (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரக் குறி) மட்டும் போதுமா?

இழைப்புளி:

அந்தக் குறி தண்ணீர் தாங்கும் பசைக்கும் உள்ளடுக்கின் தரத்துக்கும் அளவுகோல். ஆனால் அதை அச்சடித்துவிட்டு ஏமாற்றுபவர்களும் உண்டு. ஒரு துண்டைக் கொதிநீரில் பல மணி நேரம் போட்டுப் பிறகு அடுக்குகளைப் பிரிக்க முயன்று பாருங்கள். வெட்டு விளிம்பில் பொந்துகள் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், துளைக்கும் ஒவ்வொரு துளையின் உட்புறத்துக்கும், ஜன்னலைப் பொருத்துவதற்கு முன்பே எபாக்சி பூசிவிடுங்கள்.

ரேகை:

பழைய பலகைகளை எறிந்துவிடாதீர்கள். வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கி, நல்ல நிலையிலுள்ள வெனீரைப் பட்டையாக உரித்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் காப்பாற்றுங்கள். தடுப்புச் சுவரில் என்றாவது ஒரு சிறு காயம் விழுந்தால், அதே வயதும் அதே வெளிச்சமும் கண்ட அந்தத் துண்டுதான் பொருந்தும்.