நேத்து அனுப்பின மெயில "ஐ ஹேவ் சென்ட்" எண்டு எழுதினா பிழையா?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு ஆபீஸ்ல வேலைக்கு சேந்து நாலு மாசம் ஆகுது, தமிழ் மீடியத்துல படிச்ச நான், ஆனா கொழும்புக்கு போற மெயில் எல்லாம் இங்கிலிஷ்லதான் எழுதோணும். போன கிழமை "ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் யெஸ்டர்டே" எண்டு எழுதினன், மேல இருக்கிறவர் ஹேவ்ல சிவப்புக் கோடு கீறி "இது வராது" எண்டு மட்டும் போட்டு திருப்பி அனுப்பிட்டார், ஏன் வராது எண்டு ஒரு சொல்லும் இல்ல. மறுகா பயத்துல எல்லா இடத்துலயும் ஹேவ வெட்டிட்டு "ஐ வர்க்ட் ஹியர் சின்ஸ் ஜூன்" எண்டு எழுதினா அதுவும் பிழையாம். நான் நினைச்சது என்னண்டா, தமிழ்ல "நேத்தே அனுப்பியிருக்கன்" எண்டு சொல்லுறம்தானே, அதுதான் இங்கிலிஷ்ல ஹேவ் சென்ட் எண்டு. ஸ்கூல்லயும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் எண்டா இப்பதான் முடிஞ்ச செயல் எண்டுதான் சொல்லித் தந்தவங்க, நேத்து நடந்தது புதுசுதானே. ஒவ்வொரு மெயிலும் அனுப்புறதுக்கு முன்னம் பத்து தரம் வாசிக்கிறன், அப்பவும் நம்பிக்கை வருகுதில்ல. தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்க.

திருக்கோவில் டீச்சர்:

மகள், நீங்க யோசிச்ச விதம் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன், தமிழ்ல இருந்து பாத்தா அது நியாயமான யோசனை. ஓ லெவல் புள்ளையளுக்கு எத்தனையோ வருசமா இங்கிலிஷ் படிப்பிச்ச நான், இந்த ஒரு இடத்துலதான் நல்லா படிக்கிற புள்ளையும் தடக்குப்படும்.

எல்லாம் நம்மட "இருக்கு"லதான் கிடக்கு. காலையில எழும்பி கதவத் திறக்கிறம், முத்தம் நனைஞ்சு கிடக்கு, உடன என்ன சொல்லுவம், "ராவு மழை பெஞ்சிருக்கு". மழைய நாம காணல்ல, ஈரத்தத்தான் கண்ட, அந்த ஈரத்ததான் "இருக்கு" எண்டு சொல்லுறம். இங்கிலிஷ்ல ஹேவும் கிட்டத்தட்ட அந்த ஈரம்தான், நடந்து முடிஞ்சதுட மிச்சம் இப்ப கையில கிடக்கு எண்டு காட்டுறது. "இட் ஹேஸ் ரெய்ன்ட்" எண்டா நிலம் இன்னும் காயல்ல. வித்தியாசம் எங்க வருகுதெண்டா, தமிழ்ல "பெஞ்சிருக்கு"க்கு பக்கத்துல ராவு, நேத்து, போன கிழமை எதையும் வைக்கலாம், சொல்லு கோவிக்காது. இங்கிலிஷ்ல "லாஸ்ட் நைட்" எண்டு நேரத்த சொன்னா ஹேவ் விலகிரும், "இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" எண்டு மட்டும்தான் எழுதோணும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேய்ஸ் அகோ, இன் 2019 எல்லாம் இதே சாதிதான், முடிஞ்சு கதவு பூட்டின நேரம். கேள்வியிலயும் அப்படித்தான், "வென் ஹேவ் யூ சென்ட் இட்" எண்டு கேக்க ஏலாது, "வென் டிட் யூ சென்ட் (send) இட்" எண்டுதான் கேக்கோணும், ஏனெண்டா எப்ப எண்டு கேட்டாலே நேரத்த பிடிச்சிட்டம்.

மற்றப் பக்கம் சின்ஸ் ஜூன் எண்டது இன்னும் பூட்டாத கதவு, ஜூன்ல தொடங்கி இந்த நிமிசம் வரைக்கும் வருகுது. அதனாலதான் அங்க ஹேவ் இல்லாம ஏலாது, "ஐ ஹேவ் வர்க்ட் ஹியர் சின்ஸ் ஜூன்" இல்லாட்டி "ஹேவ் பீன் வர்க்கிங்". நம்மட ஆக்கள் கூட எழுதுற "ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் ஜூன்" எண்டதும் பிழைதான், "ஜூன்ல இருந்து வேலை செய்யிறன்" எண்டத அப்படியே தூக்கி வைக்கிறதால வாறது.

இப்பதான் முடிஞ்ச செயல் எண்டு படிப்பிச்சதத்தான் நான் ஏற்க மாட்டன். ஒரு நிமிசத்துக்கு முன்னம் அனுப்பினாலும் "எ மினிட் அகோ" எண்டு சொன்னா "ஐ சென்ட் இட்" எண்டுதான் வரும். முப்பது வருசத்துக்கு முன்னம் ஒரு தரம் யாழ்ப்பாணம் போன மனிசன், எப்ப எண்டு சொல்லாட்டி, "ஐ ஹேவ் பீன் டு ஜெஃப்னா" எண்டு தாராளமா சொல்லலாம். புதுசு பழசு எண்டது அங்க கணக்கே இல்ல.

கல்முனைக்குடியான்:

டீச்சர் சொன்ன பூட்டின கதவு எனக்கு வேற விதமா விளங்கின ஒரு விசயம், சொல்லாம இரிக்க மனம் வரல்ல. எங்கட வாப்பா கணக்கு வாத்தியார், முப்பது வருசத்துக்கு மேல படிப்பிச்சவர். அவர் மௌத்தான நேரம் வெளிநாட்டுல இரிக்கிற சொந்தக்காரருக்கு இங்கிலிஷ்ல ஒரு சின்ன அறிவித்தல் நான்தான் எழுதின, "ஹி ஹேஸ் டாட் மேத்ஸ் ஃபோர் மோர் தேன் தேர்ட்டி இயர்ஸ்" எண்டு. லண்டன்ல பொறந்து வளந்த எங்கட ராத்தாட மகன் கோல் எடுத்து, மாமா, இத வாசிச்சா மூத்தாப்பா இன்னும் படிப்பிச்சிக்கிட்டு இரிக்கிற மாதிரி கிடக்கு, ஹேஸ எடுங்க எண்டு மெதுவா சொன்னான். நான் எடுத்தன். "ஹி டாட் மேத்ஸ்". ஒரு சின்ன சொல்ல எடுத்த உடன வாப்பா இல்ல எண்டது அந்த வசனத்துக்குள்ள வந்து நிண்டது, அண்டைக்கு மையித்து வீட்டுல எல்லாரும் அழக்குள்ள வராத கண்ணீர் அந்த இடத்துல எனக்கு வந்தது. அதுக்குப் பொறகு இந்த விசயத்த நான் மறந்ததே இல்ல.

சீவி எழுதுற பொடியன்மாருக்கும் இது முக்கியம். 2018ல இருந்து 2021 வரை ஒரு இடத்துல வேலை செஞ்சு விட்டுட்டீங்க எண்டா "வர்க்ட்" மட்டும்தான். இப்பவும் இரிக்கிற வேலைக்குத்தான் ஹேவ் போடணும். மாத்திப் போட்டா இன்டர்வியூல இரிக்கிறவர் நீங்க எங்க வேலை செய்யிறீங்க எண்டே குழம்பிருவார்.

செங்கலடி டூ ஸ்டுட்கார்ட்:

நான் இதுல ஒரு விசயத்த அழுத்தி சொல்லோணும், தங்கச்சி உங்கள நீங்களே குறைவா நினைக்காதீங்க. நான் இஞ்ச ஜெர்மனிக்கு வந்து பாசை படிக்கக்குள்ள பாத்தா, ஜெர்மன்காரர் கதைக்கக்குள்ள "நேற்று அவனுக்கு எழுதினன்" எண்டத "இஹ் ஹாபெ இம் கெஸ்டர்ன் கெஷ்ரீபென்" எண்டுதான் சொல்லுவாங்க, அந்த ஹாபெதான் இங்கிலிஷ்ட ஹேவ், கெஸ்டர்ன் எண்டது யெஸ்டர்டே, ரெண்டும் ஒரே வசனத்துல சும்மா பக்கத்துல பக்கத்துல இருக்கு. பிரெஞ்சுலயும் அப்படித்தான், பாரிஸ்ல இருக்கிற மச்சாள் சொல்லுவா. அதனாலதான் என்னோட வேலை செய்யிற ஜெர்மன்காரங்களும் இங்கிலிஷ் மெயில்ல "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" எண்டே எழுதுறாங்க, நீங்க விட்ட அதே பிழை. ஆனா இங்கிலிஷ்ல இந்த சட்டம் இறுகிப் போச்சு. அமெரிக்கன்காரங்க இன்னொரு வழி, ஹேவ கொஞ்சம் குறைச்சு "ஐ ஆல்ரெடி சென்ட் இட்", "டிட் யூ ஈட் யெட்" எண்டெல்லாம் சொல்லுவாங்க, பிரிட்டிஷ்காரங்க அங்க கூடுதலா ஹேவ்தான் போடுவாங்க. இலங்கையில நாங்க படிக்கிறது பிரிட்டிஷ் வழி எண்டதால உங்கட ஆபீஸ்ல "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்" எண்டு எழுதுறதுதான் நல்லம். ஆனா யெஸ்டர்டேயோட ஹேவ் ரெண்டு பேருக்குமே பிழைதான்.

ஏறாவூர் வாசகன்:

படிக்கிறதுக்கு ஒரு நல்ல இடம் சொல்றன், இங்கிலிஷ் பேப்பர். செய்தியிட முதல் வசனத்த பாருங்க, கூடுதலா ஹேஸ், ஹேவ் எண்டு வரும், "த மினிஸ்ட்ரி ஹேஸ் அனவுன்ஸ்ட்" எண்ட மாதிரி, எப்ப எண்டு சொல்லாம விசயத்த மட்டும் முன்னுக்கு வைப்பாங்க. ரெண்டாம் மூண்டாம் வசனத்துல "ஆன் மன்டே" எண்டு கிழமை வந்த உடன எல்லாம் செட், டோல்ட், சைன்ட் எண்டு மாறிரும். ஆபீஸ் மெயிலும் அதே மாதிரித்தான், முதல் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் த ரிப்போர்ட்", அடுத்தது "ஐ சென்ட் இட் டு த ஃபைனான்ஸ் யூனிட் யெஸ்டர்டே". நான் பேப்பர் வாசிச்சு வாசிச்சுத்தான் பழகின, ரூல் புத்தகம் எனக்கு உதவல்ல.

இன்னொண்டு, கோல் வந்தா ஆபீஸ்ல சொல்லுறது. "ஹி ஹேஸ் கான் டு கொழும்பு" எண்டா ஆள் அங்க போயிட்டார், இன்னும் வரல்ல. "ஹி ஹேஸ் பீன் டு கொழும்பு" எண்டா போய் வந்திட்டார். இத மாத்தி சொல்லி ஒரு ஆள தேவையில்லாம அலைய விட்ட சம்பவம் எனக்கு தெரியும்.

வாவிக்கரை:

எல்லாருக்கும் மனசு நிறைய நன்றி, இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீங்க எண்டு நினைக்கல்ல. கல்முனை அண்ணன்ட வாப்பாட கதைய ரெண்டு தரம் வாசிச்சன், இனி அந்த ஹேஸ நான் மறக்க மாட்டன். டீச்சர் சொன்ன ஈரத்த மனசுல வச்சு பழைய மெயில் பதினஞ்ச எடுத்து பாத்தன், ஏழுல நேரத்தயும் ஹேவயும் ஒண்டா போட்டிருக்கன். இப்ப ரெண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். "ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் டேட்டட் 12 மார்ச்" எண்டு எங்கட ஆபீஸ்ல எல்லாரும் எழுதுறாங்க, அதுக்குள்ளயும் திகதி வருகுதே, அது பிழையா? மற்றது "திஸ் மோர்னிங்" எண்டா ஹேவ் வருமா வராதா?

திருக்கோவில் டீச்சர்:

நல்ல கேள்வி மகள், திகதிய கண்ட உடன நிண்டு பாக்கிறீங்க எண்டா பிடிச்சிட்டீங்க. அந்த 12 மார்ச் கடிதத்துட திகதி, உங்கட கையில கிடைச்ச திகதி இல்ல, அதனால "ஹேவ் ரிசீவ்ட்" சரி. கிடைச்ச நாள எழுதுறண்டா "ஐ ரிசீவ்ட் இட் ஆன் 14 மார்ச்", அங்க ஹேவ் கிடையாது.

திஸ் மோர்னிங்குக்கு மணிக்கூட்ட பாருங்க. காலை பத்து மணிக்கு எழுதுறண்டா காலை இன்னும் முடியல்ல, "ஐ ஹேவ் சென்ட் த்ரீ மெயில்ஸ் திஸ் மோர்னிங்". பகல் சாப்பிட்டு வந்து மூண்டு மணிக்கு அதையே எழுதுறண்டா காலை போயிட்டு, "ஐ சென்ட் த்ரீ மெயில்ஸ் திஸ் மோர்னிங்". டுடே எண்டா வேலை முடியிற மட்டும் ஹேவ் போடலாம், ஆனா "டுடே அட் 9.30" எண்டு மணியையும் சொல்லிட்டீங்க எண்டா சென்ட்தான்.