மாங்கூழ் டின்னுக்குள் மோர்ஸ்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்துகிற ஹாம் ரேடியோவில், குறுந்தட்டும் நெடுந்தட்டுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறைதான் எனக்குப் பிடித்தது. அதற்கான ரேடியோவைத் தகர டின்னில் கட்டுவதை விளையாட்டு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி தெரியவில்லை. அலுமினியப் பெட்டியில் சாதாரண சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) ஒட்டாது. டின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு, சால்டரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எர்த் எங்கே வேண்டுமோ அங்கேயே பற்றவைக்கலாம். சுற்றிலும் தகரம் இருப்பதால் கையைக் கிட்டே கொண்டுபோனாலும் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் சுருதி நகராது.

எங்கள் பக்கம் டின்னுக்குப் பஞ்சமே இல்லை. மாம்பழ சீசன் முடிந்ததும் கூழ் ஆலைகளில் நசுங்கிப்போன 3.1 கிலோ டின்கள் காயலான் கடைக்கு வந்துவிடும். உள்பக்கம் பொன்னிறத்தில் ஒரு பூச்சு இருக்கும், பழப் புளிப்பு இரும்பை அரிக்காமலிருக்க. அதன்மேல் சால்டர் பிடிக்காது. வேண்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது, சூட்டையெல்லாம் தகரமே வாங்கிக்கொள்ளும். 60 வாட்டாவது வேண்டும். விளிம்பை அரம் போட்டுவிட்டு அப்புறம் கையை உள்ளே விடுங்கள்.

சர்க்யூட் பழையதுதான். 1976 மே மாதம் கியூ.எஸ்.டி. என்ற அமெரிக்க ஹாம் ரேடியோ இதழில் டக் டிமா வெளியிட்ட ‘டூனா டின் 2’ என்ற டிரான்ஸ்மிட்டர். ஒரு சூரை மீன் டின்மேல் இரண்டே டிரான்சிஸ்டர். ஒன்று கிரிஸ்டல் ஆசிலேட்டர், இன்னொன்று ஆம்ப்ளிஃபையர். 7 மெகாஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு வாட் அளவுக்கு வெளியே போகும். மாங்கூழ் டின் பெரிது என்பதால் மிச்ச இடத்தில் பேட்டரியும் அடங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒரு பெரியவரைப் பற்றி. மிக்சி ரிப்பேருக்காக என் கடைக்கு வந்தவர். நான் பஸ்ஸர் வைத்து, மோர்ஸ் தட்டும் கீயை அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டவர், “மழை வரும்போல இருக்குன்னு அடிக்கிறீங்களா தம்பி?” என்றார். அதைத்தான் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவராம். 2013 ஜூலையில் தந்தி நிற்பதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

“எங்களுக்கு இந்த கீச்சுச் சத்தமெல்லாம் கிடையாது, சவுண்டர்னு ஒரு தந்திக் கருவி டக்கு டக்குன்னு தட்டும், அதைக் கேட்டுத்தான் எழுதுவோம்” என்றார். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆன்டெனாவோடு இணைத்த கீயைக் கொடுக்கக் கூடாது. அதனால் 12 வோல்ட் ரிலே (மின்சாரம் பாய்ந்தால் டக்கென்று தட்டும் காந்த சுவிட்ச்) ஒன்றை கீயில் மாட்டிக் கொடுத்தேன். அவரோ ஒரு காலி மில்க்மெய்டு டின்னைக் கேட்டு வாங்கி, ரிலேவை அதற்குள் வைத்து, டின்னின் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அமெரிக்க ரயில்வே தந்திக்காரர்கள் புகையிலை டின்னைச் சவுண்டரோடு சேர்த்து வைத்ததும் இப்படிச் சத்தத்தைக் கூட்டத்தான். அடித்த ஒவ்வொரு தட்டும் கடை முழுக்கக் கேட்டது.

அவர் கையைப் பார்த்தேன். முழங்கை மேசையில், விரல்கள் குமிழின்மேல் தளர்வாக. மணிக்கட்டு மட்டும் ஏறி இறங்கியது. மூன்று நெடில், இரண்டு குறில்: மோர்ஸில் அது எட்டு. “கல்யாண வாழ்த்துக்கு இந்த நம்பர் மட்டும் போதும் தம்பி, முழு வாசகத்தை அந்த ஊர் ஆபீஸ் எழுதிக்கும். முகூர்த்த நாள்ல எட்டு எட்டுன்னு அடிச்சே கை ஓஞ்சிடும்.” வாரிசு யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை என்றார். எனக்கு மனசு கனத்துப்போனது. இந்த அடியை எந்த மொபைல் ஆப்பும் கற்றுத்தராது.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, படிக்கவே சந்தோஷமாக இருந்தது. என்னுடையது நெய் டின், உள்ளே ரிசீவர். கம்பிச் சுருளான காயில் சுற்ற, ஐதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவின் வழிதான்: குழாய் வாஷர். பத்து ரூபாய் வேலைக்கு இறக்குமதி டொராய்டு வளையம் எதற்கு? கீக்கு உடைந்த ஆக்சா பிளேடு. ஆன்டெனாவாகத் தென்னைக்குத் தென்னை 20 மீட்டர் கம்பி கட்டினேன், பக்கத்து வீட்டு அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். “யாருப்பா இது?” “மங்களூர்க்காரர் அத்தை, கூப்பிடுறார்.” அப்புறம் தினமும் காலையில் “இன்னிக்கு எந்த ஊர்?” என்று கேட்டபடிதான் வாசல் தெளிக்கிறார். அந்த ரிலே இணைப்பைக் கொஞ்சம் சொல்லுங்கள், நானும் செய்து பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

சொல்கிறேன் தம்பி. பேட்டரியின் பிளஸ் முனை ரிலே காயிலுக்கு, காயிலின் மறுமுனை கீக்கு, கீயிலிருந்து மைனஸுக்கு. காயிலுக்குக் குறுக்கே 4007 டையோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். ரிலேவின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டால் தட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும். ஹாம் லைசென்ஸுக்கான ஜெனரல் கிரேடு தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் வேண்டும், 12 வயதானாலே எழுதலாம். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். பெரியவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டின் நான் எடுத்து வைக்கிறேன்.