ஞாயிறு பாஸ்தா: பால் இல்லாமல் வெள்ளை சாஸ்

கவிதா: ஞாயிறு மதியம் எல்லாரும் நம் வீட்டில்தான். பிள்ளைகள் ஒயிட் சாஸ் பாஸ்தா கேட்கிறார்கள். ரேவதி, கவினுக்குப் பால் ஆகாதே, என்ன செய்ய?

ரேவதி: அவனுக்குத் தக்காளி சாஸ் போதும் அண்ணி.

கவிதா: மற்றவர்களுக்கு வெள்ளை, அவனுக்கு மட்டும் சிவப்பா? முகம் வாடிவிடும்.

மீனா அத்தை: லாக்டோஸ் இல்லாத பால் கடையில் விற்கிறதே?

ரேவதி: அது பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு, அத்தை. லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. கவினுக்கு ஆகாதது பால் புரதம். அந்தப் பாலிலும் அது அப்படியே இருக்கும். அவனுக்கு நெய்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செந்தில்: ரோமில் கார்பனாரா பாஸ்தாவுக்கு கிரீமே ஊற்ற மாட்டார்களாம். முட்டை மஞ்சள் கருவிலேயே வழவழவென்று வந்துவிடும்.

ரேவதி: கூடவே பெக்கோரினோ சீஸைத் துருவிப் போடுவார்களே, அது செம்மறியாட்டுப் பால்டா! மாட்டுப்பால் ஒவ்வாமை உள்ள பலருக்கு அதுவும் ஆகாது.

மீனா அத்தை: அப்போ தேங்காய்ப்பால்?

கவிதா: சொதி வாசம் வந்துவிடும் அத்தை.

ரேவதி: முந்திரிதான் சரி. கவின் சாப்பிடுவான். வேறு யாருக்காவது ஆகாதென்றால் இப்போதே சொல்லுங்கள். அரை கப் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, திப்பி இல்லாமல் மை போல அரையுங்கள். எண்ணெயில் பூண்டு வதக்கி, விழுதைப் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீரையே கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். அதில் இருக்கும் மாவுச்சத்து சாஸை இழுத்துப் பிடிக்கும். சிறு தீ போதும், சட்டென அடிபிடிக்கும். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். சீஸின் புளிப்புக்கு எலுமிச்சை நாலு சொட்டு, மேலே மிளகு.

செந்தில்: இவ்வளவு வேலையா? நான்-டெய்ரி, அதாவது பால் இல்லை என்று விற்கிற கிரீம் ஒரு டப்பா வாங்கி வருகிறேனே.

ரேவதி: பின்பக்கம் படித்துப் பார். சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அதுவும் பால் புரதம்தான்.

ரேவதி: அண்ணி, மோர் அடிக்கும் ஜாரில் அரைக்காதீர்கள். ஜாரின் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

கவிதா: சட்னி ஜார் தனியாக இருக்கிறது. செந்தில், கால் கிலோ முந்திரி. அரைக்கத்தானே, உடைத்ததே போதும்.

செந்தில்: சரி அண்ணி. எனக்கு மட்டும் கொஞ்சம் சீஸ்?

கவிதா: கொண்டு வா. ஆனால் நீ மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிடு.