பெற்றோர் வினாத்தாள்: சின்னக் காயங்களை எதோடு ஒப்பிடுவது?

5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வீட்டில் ஏற்படும் விபத்துக் காயங்கள் பற்றிப் பெற்றோரிடம் கேட்கும் வினாத்தாள் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். விழுதல், சூடுபடுதல், மூச்சடைப்பு, விஷப்பொருள் விழுங்குதல் எல்லாம் உண்டு. கேட்கும் காலம் கடந்த 12 மாதம்.

இரண்டு வாரம் விட்டு அதே பெற்றோரிடம் மறுபடி கேட்டோம். விஷப்பொருள் கேள்விக்கு 80 பேரில் 76 பேர் அதே பதிலைச் சொல்லியும் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் ஒப்புதல் அளவு; முழு ஒப்புதல் என்றால் 1) 0.31தான். அரிதான நிகழ்வில் கப்பா இப்படி இறங்கும், அது சரி. சிக்கல் விழுதல் கேள்வியில்தான். முதலில் "விழவே இல்லை" என்ற அம்மா, அடுத்த முறை "கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்ததே" என்கிறார்.

மருத்துவமனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். சிகிச்சைக்கு வந்த காயம் மட்டுமே அதில் இருக்கிறது. காலத்தை ஒரு மாதமாகக் குறைத்தால் ஞாபகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் சம்பவங்கள் போதவில்லை. தினக்குறிப்பு எழுதச் சொன்னால் சில நாளில் விட்டுவிடுகிறார்கள் (கைக்குழந்தையோடு யாருக்கு நேரம்?). சிலர் கிரான்பாக் ஆல்பா (வினாத்தாளின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) போடச் சொல்கிறார்கள். விழும் குழந்தை சூடும் பட்டுக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதனால் போடவில்லை.

மருத்துவரிடம் போகாத சின்னக் காயங்களுக்குப் பெற்றோர் சொல்வதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்?