காலேஜ் பஸ், கேன்டீன் சாப்பாடு, ஏறிக்கொண்டே போகும் எடை

பாலக்கோடு மாணவன்:
தர்மபுரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதால் வீட்டில் சாப்பிடுவதில்லை, பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் பப்ஸும் டீயும், மதியம் பரோட்டா, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போண்டா. எடை ஏறுகிறது. ஜிம்முக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணம் அக்கா:
தம்பி, முதலில் காலைப் பசியைச் சரிசெய். ராத்திரியே ராகிக் கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும், மோர் விட்டு உப்புப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே குடித்துவிட்டுக் கிளம்பலாம், மீதியைப் பாட்டிலில் எடுத்துக்கொள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் மண்ணில் விளைவதை விட்டுவிட்டு ஓட்ஸ் தேடி அலையாதே.

கிருஷ்ணகிரி சீனியர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ராகி சாப்பிட்டாலே எடை குறையும் என்று நினைக்காதே. அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது, நார்ச்சத்து அதிகம் என்பதால் பசி தாங்கும், அவ்வளவுதான். களி என்றால் எத்தனை உருண்டை என்பதைப் பார். கூடவே புரதம் வேண்டும்: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், இல்லையென்றால் கொள்ளு, மொச்சை, அவரைக்கொட்டை எதையாவது வேகவைத்து டப்பாவில் கொண்டுபோ.

பாலக்கோடு மாணவன்:
நன்றி அண்ணா. மாம்பழ சீசனில் என்ன செய்வது, வீடு முழுக்கப் பழம்தான்!

காவேரிப்பட்டணம் அக்கா:
தாராளமாகச் சாப்பிடு, சர்க்கரை போட்டு ஜூஸ் அடிக்காமல் பழமாக, போண்டாவுக்குப் பதிலாக.